புதுப்பொருள் கடையில் கிடைக்காதது ஏன்?

கிராமமொன்றில் புதிய விளக்கையோ புகையில்லா அடுப்பையோ காட்டி அதன் பயனை எடுத்துரைத்த விரிவாக்க ஊழியர் எவரும் அறிந்த சங்கடம் ஒன்று உண்டு. கூட்டம் கலையுமுன்பே, "இது எங்கே கிடைக்கும்? என்ன விலை?" என்று மக்கள் கேட்கின்றனர். ஊழியர் பட்டணத்துக் கடையொன்றின் பெயரைச் சொல்கிறார். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்துச் சென்றவரிடம் கடைக்காரர், "இருந்த சரக்குத் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வந்து பாருங்கள்" என்கிறார். அடுத்த மாதமும் அதே விடைதான். பிறகு அவ்வூழியர் வேறொரு பொருளைப்பற்றிப் பேச வரும்போது, முன்போல் எவரும் செவி சாய்ப்பதில்லை. பொருள் கிடைக்காமையால் நேரும் நட்டத்தில் விற்பனைக் கணக்கில் ஏறாத பகுதி இது.

இத்தகைய தட்டுப்பாட்டுக்கு ஊரார் கூறும் காரணங்கள் இரண்டு. கடைக்காரர் பதுக்கிவிட்டார் என்பது ஒன்று. ஆவலைத் தூண்டுவதற்காக உற்பத்தியாளரே வேண்டுமென்று சரக்கைக் குறைத்து விடுகிறார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உலகில் நடவாதவை அல்ல. ஆனால், உண்மையிலேயே புதிதான ஒரு பொருளைப் பொறுத்தமட்டில், இவை இரண்டும் இல்லாமலே தட்டுப்பாடு தோன்றும். தோன்றியது நெடுநாள் நீடிக்கும். அஃது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, ஆதாரங்கள் தெளிவாக உள்ள பழைய நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கொள்வோம். அது நைலான் காலுறையின் கதை.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வில்மிங்டன் நகரிலுள்ள டூபான்ட் நிறுவனத்தின் பரிசோதனைச் சாலையில், வாலஸ் கரோதர்ஸ் என்ற ரசாயன அறிஞரின் குழுவினர் 1935-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் புதியதோர் இழைப்பொருளை ஆக்கினர். பின்னாளில் நைலான் எனப் பெயர் பெற்றது இதுவே. 1938 அக்டோபரில் நிறுவனம் இதனை உலகுக்கு அறிவித்தது. நிலக்கரி, காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து பிறந்தது, எஃகினைப்போல் வலிமையுடையது, சிலந்தி நூலைப்போல் மெல்லியது என்று கூறினர். அக்காலத்து அமெரிக்க மாதர் அணிந்த மெல்லிய காலுறைகள் பட்டினால் ஆனவை. எளிதில் இழை அறுந்து கிழிபவை. கிழியாத காலுறை வருகிறதென்று அவர்கள் எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை.

1939 அக்டோபர் 24-ஆம் நாள் வில்மிங்டன் நகரக் கடைகளில் சோதனையாக 4,000 ஜோடிகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன. மூன்று மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்தன. 1940 மே 15-ஆம் நாள் நாடு முழுவதும் விற்பனை தொடங்கியபோது, சேர்த்துவைத்திருந்த சுமார் 40 இலட்சம் ஜோடிகளும் சில நாட்களுக்குள் விலைபோயின. முதற்கட்டச் சரக்கு இவ்வளவு விரைவில் தீர்ந்ததற்கு யாரும் பதுக்கியது காரணமன்று.

கண்டுபிடித்ததிலிருந்து நாடளாவிய விற்பனை வரை ஐந்தாண்டுகள் கழிந்தன. அவ்வைந்தாண்டும் என்ன செய்துகொண்டிருந்தனர்? இக்கேள்வியில்தான் பொருளின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. பரிசோதனைச் சாலையில் ஒரு குவளையளவு நைலான் செய்வது வேறு, ஆயிரக்கணக்கான பவுண்டு செய்வது வேறு. நைலானுக்கு இரண்டு மூலப்பொருள்கள் தேவை. அவற்றுள் ஒன்றாகிய அடிப்பிக் அமிலத்தை அப்போது வாணிப அளவில் செய்துவந்தது ஜெர்மனி மட்டுமே. மற்றொன்றாகிய ஹெக்ஸாமெதிலீன் டையமின் விலைக்கே கிடைப்பதன்று; ஆய்வாளர் குப்பியில் மட்டும் இருந்த பொருள். ஆகவே நைலான் தொழிற்சாலைக்கு முன்பாக, அதன் மூலப்பொருளுக்குத் தொழிற்சாலை காண வேண்டியதாயிற்று. மேற்கு வர்ஜீனியாவில் பெல் என்னுமிடத்தில் அவ்வேலை நடந்தது.

அடுத்தது நூற்பு. ரேயான் இழையைக் கரைசலிலிருந்து இழுப்பது அன்றைய தொழிலாளர் அறிந்த வித்தை. நைலானோ 260 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகுவது. உருகிய நிலையிலேயே நுண்துளைத் தட்டின் வழியாகச் செலுத்தப்பட வேண்டியது. உருகிய குழம்பில் ஒரு சிறு வாயுக்குமிழி தோன்றினாலும் இழை அறுந்துபோகும். அவ்வளவு சூட்டில் எண்ணெயின் உதவியின்றி ஒரே சீராக இயங்கும் இறைப்பான் அதுவரை ஒருவரிடமும் இல்லை. வெளிவந்த இழையைக் குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்தால்தான் அதற்கு வலிமை உண்டாகும். இவையெல்லாம் கைகூடியபின், காலுறை பின்னும் ஆலையினர் தம் குறையைச் சொல்லத் தொடங்கினர். பட்டுக்கு உகந்த பசை நைலானுக்கு ஒட்டவில்லை. பட்டுக்குரிய சாயமுறை ஒத்துவரவில்லை. பின்னிய காலுறை சாயத்தொட்டியில் சுருங்கி மடிந்தது. சாயமிடுமுன்பே கால் வடிவ அச்சில் மாட்டி நீராவியில் வைத்து வடிவத்தை நிலைநிறுத்தும் முறையை வகுத்தபிறகே அத்தொல்லை நீங்கிற்று.

ஆசிரியர்கள் இவ்விடத்தில் மாணவருக்கு எளிய கணக்கொன்றைப் போட்டுக் காட்டலாம். ஒரு பொருள் பத்துப் படிகளைக் கடந்து உருவாகிறதென்று கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு தேறுகின்றன, பத்துக் கழிகின்றன. தொண்ணூறு தேறுவது நல்ல வேலை என்றுதான் தோன்றும். ஆனால் 100 உருப்படிகளோடு தொடங்கினால் பத்தாம் படியின் முடிவில் தேறி நிற்பவை 35 மட்டுமே. ஒவ்வொரு படியிலும் 95 தேறினால் 60 கிடைக்கும். 99 தேறினால் 90 கிடைக்கும். பழகிய பொருளை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை 99-இல் நிற்பது. புதுப்பொருளைத் தொடங்கும் தொழிற்சாலை 90-இல் நிற்பது. யந்திரங்களும் ஆட்களும் அதே எண்ணிக்கையில் இருக்க, கடைக்கு வரும் சரக்கு மட்டும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காய்க் குறைகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை. கம்பெனி கையை மடக்கிக்கொண்டு இருக்கிறது என்றே தெரியும்.

சரி, தேவை இவ்வளவு என்று கண்டபின் இன்னும் பெரிய தொழிற்சாலைகளைக் கட்டிவிடலாகாதா? டூபான்ட் நிறுவனம் கட்டத்தான் செய்தது. டெலவேர் மாநிலத்துச் சீஃபோர்டு ஆலை 1939 டிசம்பரில் இயங்கத் தொடங்கிற்று. அடுத்த ஆலை 1941-இல் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் நகரில் அமைந்தது. ஆயினும் எந்த உற்பத்தியாளரும் முதல் வரிசையின் நீளத்தைக் கண்டு அதற்கு ஈடான ஆலையைக் கட்டுவதில்லை. கட்டாதது அறிவுடைமையே ஆகும். இதையும் ஒரு கணக்கால் காணலாம். 1,000 வீடுகளுள்ள ஊரில் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு புதிய விளக்கை விரும்புகின்றனர். விளக்கு ஐந்தாண்டு உழைக்கும். முதலாண்டில் எழும் தேவை 1,000. எல்லோரும் வாங்கிய பின்னர், பழையதற்கு மாற்றாக வேண்டுவது ஆண்டொன்றுக்குச் சராசரி 200 மட்டுமே. ஆண்டுக்கு 1,000 செய்யும் ஆலையைக் கட்டியவர், இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தில் நான்கு பங்கு யந்திரங்களைச் சும்மா நிறுத்திவைத்து, அவற்றுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். 250 செய்யும் ஆலையைக் கட்டியவர் நிலைத்து நிற்பார். ஆனால் அவ்வூரின் கடைசி வீட்டார் விளக்குக்காக நான்காண்டு காத்திருக்க வேண்டும். பழைய வீட்டில் நிரப்புவதற்கும் புதிதாக நிரப்புவதற்கும் உள்ள இந்த வேற்றுமையே, புதுப்பொருள் ஒருநாள் இருநாளன்றிப் பல ஆண்டுகள் அரிதாக நிற்பதற்குத் தலையாய காரணம் என்பது என் கருத்து. இதில் வஞ்சம் எதுவுமில்லை. அதனாலேயே இதை வெளிப்படையாகச் சொல்லவும் எவரும் முன்வருவதில்லை. "நான்காண்டு காத்திருங்கள்" என்று எந்த விளம்பரத்தில் அச்சிடுவர்?

நைலானின் கதைக்குத் திரும்புவோம். 1941-இல் ஜப்பானுடனான வாணிபம் நின்றது. அமெரிக்காவுக்குப் பட்டு பெரும்பாலும் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. 1942-இன் தொடக்கத்தில் நைலான் முழுவதும் போர்த்தேவைக்குத் திருப்பப்பட்டது. விமானக்குடை, கயிறு, டயரின் உள்நூல் ஆகியவற்றுக்கு அது சென்றது. காலுறை கடைகளிலிருந்து மறைந்தது. மாதர் சிலர் காலுறையின் பின்புறத் தையலைப்போல் மையெழுதுகோலால் காலிலேயே கோடிட்டுக்கொண்டனர்.

1945 ஆகஸ்டில் போர் ஓய்ந்த சில நாட்களிலேயே டூபான்ட் நிறுவனம் காலுறை நூல் உற்பத்தி மீண்டும் தொடங்குமென அறிவித்தது. ஆண்டுக்கு 36 கோடி ஜோடிகளுக்குப் போதுமான நூலை நூற்க இயலும் என்றும் மதிப்பிட்டது. நற்செய்தியாகச் சொல்லப்பட்ட இவ்வறிவிப்பு நெருக்கடியைப் பெருக்கிற்று. போருக்காகத் தடித்த நூல் நூற்ற யந்திரங்களை மெல்லிய நூலுக்கு மாற்றவேண்டும்; நூல் பின்னலாலைகளுக்குப் பங்கிடப்பட வேண்டும்; பின்னி, சாயமிட்டு, கடைக்கு அனுப்ப வேண்டும். சொன்ன வேகத்தில் சரக்கு வரவில்லை. மூன்றாண்டு ஒன்றும் வாங்காதவர்கள் ஒன்றுக்குப் பதிலாக ஆறு ஜோடி வேண்டினர். 1946 ஜூனில் பிட்ஸ்பர்க் நகரில் 13,000 ஜோடிக் காலுறைகளுக்காகச் சுமார் 40,000 பேர் வரிசையில் நின்றனர், கைகலப்பும் நேர்ந்தது. இதுபோன்று பல நகரங்களில் நிகழ்ந்தவற்றைச் செய்தித்தாள்கள் நைலான் கலவரங்கள் என்றே வருணித்தன. அந்நாளில் நைலான் நூலைச் செய்யும் உரிமை அந்நாட்டில் அவ்வொரு நிறுவனத்திடமே இருந்தது. கெம்ஸ்ட்ராண்ட் என்ற மற்றொரு நிறுவனத்துக்கு அவ்வுரிமை அளிக்கப்பட்டது 1951-இல்தான்.

வரிசையில் நின்ற 40,000 பேரும் 40,000 தேவைகள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டுப்பாடு நிலவும்போது ஒருவர் ஒரு கடையில் மட்டும் சொல்லிவைப்பதில்லை. மூன்று கடைகளில் பெயரைப் பதிகிறார். எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கே வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார். நூறு பேர் இவ்வாறு செய்தால் ஏட்டில் முந்நூறு பதிவாகின்றன. கடைக்காரரும் இதே வழியில் செல்பவரே. கேட்டதில் பாதிதான் அனுப்புவார்கள் என்று கண்டுகொண்ட அவர், 300 தேவைக்கு 600 எழுதி அனுப்புகிறார். மொத்த வியாபாரி தம் பங்குக்கு இன்னும் கூட்டுகிறார். தொழிற்சாலையை எட்டும்போது உண்மையான நூறு எங்கோ புதைந்துவிடுகிறது. எட்டிய எண்ணை நம்பி விரிவாக்கினால் நட்டம். நம்பாமல் இருந்தால் தட்டுப்பாடு. உற்பத்தியாளரின் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் என்ற பேராசிரியர் இவ்வகை ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து 1961-இல் நூலொன்று வெளியிட்டார். அவ்வாராய்ச்சியையொட்டி அங்கே மாணவருக்காக ஒரு விளையாட்டும் அமைக்கப்பட்டது. மூலத்தில் அது பீர் விற்பனையைக் கொண்டது. நம் பள்ளிகளில் பீரை விலக்கி விளக்கை வைத்துக்கொள்ளலாம். நான்கு மாணவர்களை வரிசையாக அமர்த்துக. முதல்வர் கடைக்காரர்; அடுத்தவர் மொத்த வியாபாரி; மூன்றாமவர் விநியோகஸ்தர்; நான்காமவர் தொழிற்சாலை. ஒவ்வொருவரிடமும் தொடக்கக் கையிருப்பாக 12 புளியங்கொட்டைகள் இருக்கட்டும், அவையே சரக்கு. ஆசிரியர் வாரந்தோறும் ஒரு சீட்டில் வாடிக்கையாளர் தேவையை எழுதிக் கடைக்காரரிடம் மட்டும் காட்டவேண்டும். முதல் நான்கு வாரங்களில் 4. ஐந்தாம் வாரம் முதல் முடிவுவரை 8. ஒவ்வொருவரும் தம் தேவையைச் சீட்டிலெழுதி அடுத்தவருக்கு அனுப்புவர். சரக்கு வந்துசேர இரண்டு வாரம் பிடிக்கும். வாய்ப்பேச்சுக் கூடாது. முப்பது வாரம் ஆடிவிட்டு ஒவ்வொருவரும் எழுதிய எண்களை வரைபடத்தில் குறித்தால் காணத்தக்க காட்சி கிடைக்கும். வாடிக்கையாளர் தேவை ஒரே முறை, நான்கிலிருந்து எட்டுக்கு ஏறியது, பிறகு அசையவேயில்லை. ஆனால் தொழிற்சாலையின் கோடு மலைபோல் உயர்ந்து, பின்னர்ப் பள்ளத்தில் விழும். முதலில் எல்லோரிடமும் சரக்கில்லை. பிறகு எல்லோரிடமும் சரக்கு மலிந்து கிடக்கும். நால்வரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவர் என்பதையும் ஆசிரியர் எதிர்பார்த்துக்கொள்ளலாம். பதுக்கியவர் அவர்களுள் ஒருவருமில்லை.

இக்கட்டுரையைப் படிப்போருள் வயதில் மூத்தவர்களுக்கு நம் நாட்டு ஸ்கூட்டர் நினைவுக்கு வந்திருக்கும். அதனையும் இத்துடன் சேர்த்து எண்ணுவது இயல்பே. எனினும் அதன் காரணம் வேறு. இத்தாலியப் பியாஜியோ நிறுவனத்தின் உரிமத்தோடு 1960-களின் தொடக்கத்தில் வெஸ்பா ஸ்கூட்டரைச் செய்யத் தொடங்கிய பஜாஜ் ஆட்டோ நிறுவனம், அவ்வொப்பந்தம் 1971-இல் முடிந்தபின் 1972-இல் சேத்தக் என்ற வண்டியைக் கொணர்ந்தது. பதிவுசெய்துவிட்டு அவ்வண்டிக்காகப் பத்தாண்டுவரை காத்திருந்தவர் உண்டு. இங்கே உற்பத்தி முறை புதிரன்று, தேவையும் ஐயத்துக்கிடமானதன்று. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்தின்கீழ், ஆண்டுக்கு இத்தனை வண்டிகள்தாம் செய்யலாம் என்று அரசாங்க உரிமம் வரையறுத்திருந்தது. அதற்குமேல் செய்ய வல்லமை இருந்தும் செய்யலாகாது. புது வண்டியின் விலையைக் காட்டிலும் ஓராண்டு ஓடிய வண்டியின் விலை மிகுந்திருந்த விந்தையை அக்காலத்தில் கண்டோம். வண்டி தேவைப்படுமுன்பே பெயரைப் பதிந்துவைத்தோர் பலர். 1980-களில் உரிமங்கள் தளர்ந்து புதிய நிறுவனங்கள் வந்தன, 1991-இல் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறையே நீக்கப்பட்டது, வரிசையும் மறைந்தது. நைலான் வரிசையும் ஸ்கூட்டர் வரிசையும் பார்வைக்கு ஒன்றே. முன்னது தானே கரையக்கூடியது. பின்னது சட்டம் மாறினாலன்றிக் கரையாதது. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்க முயல்வது வீண்.

விலையைப்பற்றியும் ஒரு சொல். சரக்கு அரிதாயிருக்கும்போது உற்பத்தியாளர் விலையை உயர்த்தினால் வரிசை குறையும் என்பது பொருளாதார நூலார் கூற்று. கணக்கின்படி அது மெய்யே. ஆயினும் உற்பத்தியாளர் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. நாளை ஏராளமாக விற்க வேண்டிய பொருளுக்கு இன்று கொள்ளை விலை என்ற பெயர் வந்துவிட்டால், அப்பெயர் எளிதில் போகாது. அவர் எடுக்காமல் விட்ட அவ்வித்தியாசத்தை இடையில் நிற்பவர் எடுத்துக்கொள்கிறார். கள்ளச்சந்தை தட்டுப்பாட்டைப் படைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் தட்டுப்பாட்டின் மீது வளர்கிறது. படைத்தவன் அவனே என்று எண்ணி அவனை மட்டும் துரத்துவதால் ஒரு விளக்குகூட மிகுதியாகக் கிடைப்பதில்லை.

அண்மைக் காலத்திலும் இதே கதை நடந்தது. பள்ளிச் சிறுவர் கற்பதற்கென்று பிரிட்டனில் உருவான ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணிப்பொறி 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் வெளிவந்தது. முதல் தொகுதி 10,000. முதல் நாளில் வந்த தேவையோ சுமார் ஓர் இலட்சம். 2015 நவம்பரில் 5 டாலர் விலையில் வந்த அதன் சிறிய வடிவமும் வந்த வேகத்திலேயே தீர்ந்து, நெடுநாள் கிட்டாப் பொருளாயிருந்தது. 2021 முதல் 2023 வரை உலகெங்கும் குறைகடத்திச் சில்லுகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது, இக்கணிப்பொறி கடைகளில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அதனைத் தம் யந்திரங்களில் பொருத்தி வாழும் சிறு தொழிலகங்கள் மூடும் நிலை வரலாகாதென்று அவற்றுக்கு முதலிடம் தந்தனர். ஆகவே பள்ளிகளும் தனி ஆர்வலரும் காத்திருக்க நேர்ந்தது. யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களே கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று என்பது வருந்தத்தக்கதே. ஆனால் அம்முடிவைத் தவறென்று எளிதில் சொல்லவும் முடியவில்லை.

இனி, களத்தில் பணிபுரிவோர் செய்யக்கூடியது என்ன? செயல்விளக்கத்துக்கு நாள் குறிக்குமுன் வட்டாரக் கடைகளில் கையிருப்பு எவ்வளவு, கடந்த மூன்று மாதங்களில் வந்து இறங்கியது எவ்வளவு என்பதைக் கேட்டறிவது கடினமன்று. வந்து இறங்கும் அளவு மாதந்தோறும் உயர்ந்துவருமானால் அது முதல்வகைத் தட்டுப்பாடு. மக்களிடம் உத்தேசமான ஒரு மாதத்தைச் சொல்லலாம். பல மாதங்களாக ஒரே அளவில் நின்றால், எங்கோ ஓர் உரிமமோ ஒரே மூலப்பொருளோ தடையாய் நிற்கிறதென்று ஊகித்து, மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். விரும்புவோர் பெயரைக் கடைகள்தோறும் தனித்தனியே பதியவிடாமல், ஊருக்கு ஒரே பட்டியலாகத் தாமே தயாரித்து ஒரே வியாபாரிக்கு அனுப்பினால், ஒருவர் மூவராகப் பெருகுவது நிற்கும். முப்பது பெயருள்ள மெய்யான பட்டியலுக்கு மொத்த வியாபாரியிடம் உள்ள மதிப்பு, முந்நூறு பெயருள்ள பொய்யான பட்டியலுக்கு இராது. செயல்விளக்கத்தன்றே அப்பட்டியலை எழுதத் தொடங்கி, பெயர் கொடுத்தவருக்கு வரிசை எண் இட்ட துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்துவிடலாம். சரக்கு வந்த செய்தி கிடைத்தபின் அவர் பேருந்து ஏறினால் போதும்.